களியக்காவிளைத் தோட்டாவும் பத்மநாபபுரத்து வாக்குச்சீட்டும்

அன்புச் சகோதரனே! கடைவீதியில் கல்லாவின் முன் அமர்ந்திருக்கும் வணிகப் பெருமகனே!

இந்த இதழில் உங்கள் இருவரோடும் ஒருசேரப் பேச வேண்டியிருக்கிறது. ஒருவன் கோபத்தில் செய்யும் காரியத்துக்கு மற்றவர் விலை கொடுக்கிறார் என்பதுதான் காரணம். விலை கொடுத்தவர் அதை வெளியில் சொல்வதில்லை. சொன்னால் சமுதாயத்தைக் காட்டிக் கொடுத்தவர் என்று பெயர் வரும். நான் சொல்கிறேன். பெயர் வந்தால் வரட்டும்.

2020ஆம் ஆண்டு ஜனவரி 8. இரவு நேரம். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் துப்பாக்கியால் சுடப்பட்டும் கத்தியால் குத்தப்பட்டும் கொல்லப்பட்டார். ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே பாக்கி இருந்தன. ஜனவரி 14 அன்று கர்நாடக மாநிலம் உடுப்பியில் இரண்டு இளைஞர்கள் கைதானார்கள். இருவரும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள். இருவர் பெயரும் நம் பெயர். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதற்குள் நான் போகவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகச் சீருடை அணிந்து நின்ற ஒரு மனிதர் கொல்லப்பட்டார், ஒரு வீடு இருண்டது. அது போதும் நாம் பேசுவதற்கு.

அந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பார். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் நிறைவேறி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டெல்லி ஷாஹீன் பாக்கில் கடுங்குளிரில் நம் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழகத்தின் ஊர்கள்தோறும் உம்மாமார்கள் கைக்குழந்தையோடு வீதிக்கு வந்தார்கள். கையில் தேசியக் கொடி, வாயில் அரசியல் சாசனம். பக்கத்தில் இந்துச் சகோதரரும் கிறிஸ்தவச் சகோதரரும் வந்து நின்றார்கள். பல ஆண்டுகளாக நமக்குக் கிடைக்காத அனுதாபம் அந்த நாட்களில் கிடைத்தது. நம்மை வெறுப்பவர்கள் அப்போது ஏங்கிக் கிடந்தது ஒரே ஒரு படத்துக்குத்தான்: காக்கிச் சட்டையில் இரத்தம், அதன் கீழே ஒரு முஸ்லிம் பெயர். களியக்காவிளையில் அந்தப் படம் அவர்களுக்கு இனாமாகக் கிடைத்தது!

முஸ்லிம் அமைப்புகள் கண்டித்தன. அதில் குறையில்லை. ஆனால் சாயாக் கடையில் உட்கார்ந்து பேசியபோது நம் வாயிலிருந்து வந்தது என்ன? "செய்தது தப்புதான், ஆனால்..." என்று ஒரு இழுவை. அந்த "ஆனால்" எதற்கு, சகோதரனே? "ஆனால் போலீஸ் நம்மைப் படுத்தும் பாடு தெரியாதா?" என்கிறாய். தெரியும். உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும். இரவில் காவல் நிலைய வாசலில் நின்று நின்று கால் வீங்கியவன் நான். அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பது பற்றி அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் சொல்வதை மீலாது மேடைகளிலும் மதநல்லிணக்க மேடைகளிலும் மாற்று மதச் சகோதரர்களுக்கு நாம் ஓதிக் காட்டுகிறோம். அந்த வசனத்தில் காக்கி உடுத்தவருக்கு விதிவிலக்கு எதுவும் நான் படித்த மதரஸாவில் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

உன் மனதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசுவோம். 2018 மே மாதம் நாங்குநேரி அருகே மணல் கடத்தலைத் தடுக்கப் போன காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடர்களை விரட்டிப் போய்ப் பிடித்த இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் என்ன மதம், என்ன சாதி என்று எந்தப் பத்திரிகையாவது தலைப்பு போட்டதா? அவர்கள் சாதித் தலைவர்களை எந்தத் தொலைக்காட்சியாவது உட்கார வைத்து, "உங்கள் ஆட்கள் ஏன் இப்படி?" என்று கேட்டதா? இல்லை. நம்மிடம் மட்டும் கேட்கிறார்கள். இது அநீதி. இதைப் பேச வேண்டும், பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுத வேண்டும், சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். ஆனால் இறந்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இந்தக் கணக்கை விரிக்காதே. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் புள்ளிவிவரம் தேவையில்லை.

இனி, வணிகப் பெருமக்களே, உங்கள் பக்கம் வருகிறேன். 1997ஐ மறந்துவிட்டீர்களா?

அவ்வாண்டு நவம்பர் 29 இரவு கோவை உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். ஆரம்பம் என்ன? வண்டியில் போன இளைஞர்களைப் போக்குவரத்துக் காவலர்கள் மறித்ததில் வந்த தகராறு. நூறு, இருநூறு ரூபாய் அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி! "நம் ஆட்களைத் தொட்டுவிட்டானா?" என்று அல்-உம்மாவைச் சேர்ந்தவர்கள் கத்தியை எடுத்தார்கள். வீரம் காட்டிவிட்டதாக எண்ணினார்கள். மறுநாள் நடந்தது என்ன? காவலர்கள் பணியைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். மதவெறிக் கும்பல் அவர்கள் நிழலில் புகுந்தது. நம் மக்களின் கடைகள் பட்டப்பகலில் உடைக்கப்பட்டன, சூறையாடப்பட்டன, தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசு மருத்துவமனை வளாகம்கூட நம்மவர்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. அங்கும் தாக்குதல் நடந்தது. 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் எவரும் செல்வராஜைத் தொட்டவரல்லர்.

சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே சட்டத்தைக் கையில் எடுத்த நாள் அது. அதை நான் மூடி மறைக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஒரு காவலர் கொல்லப்பட்டதற்கு ஒரு சமுதாயத்தையே பழிவாங்க எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லை. அந்தப் பதினெட்டு உயிர்களுக்கு முறையான நீதி கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் என்ன நடந்தது? 1998 பிப்ரவரி 14. கோவையில் தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் மாண்டார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் படுகாயம் அடைந்தார்கள். அதோடு முடிந்தது! பதினெட்டுப் பேருக்காகக் கண்ணீர் விட்ட மாற்று மதச் சகோதரர்களின் கண்ணீர் அன்றோடு வற்றியது. மனித உரிமை அமைப்புகள் நம் வீடுகளில் வந்து எழுதிய வாக்குமூலங்களை எடுத்துப் பேச ஆளில்லாமல் போனது. "பதினெட்டு" என்று நாம் வாயெடுத்தால் "ஐம்பத்தெட்டு" என்று பதில் வரும். நம் நியாயத்தை நம் சமுதாயத்தில் பிறந்தவர்களே குண்டு வைத்துத் தகர்த்தார்கள்.

அதன் பிறகு கோட்டைமேட்டில் காவல் சாவடிகள். இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகச் சிறையில். தொழில் படுத்தது. வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்டார்கள். அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக அடைபட்டுக் கிடந்து, 2007இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்த ஒன்பது ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? அரசின் மீது கோபம் வருகிறது அல்லவா? எனக்கும் வருகிறது. ஆனால் அரசின் கையில் அந்தக் கயிற்றைக் கொடுத்தது யார் என்றும் கேட்கிறேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொள். குண்டுவெடித்த அதே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல். கோவைத் தொகுதியில் பாரதிய ஜனதாவின் சி.பி. ராதாகிருஷ்ணன் வென்றார். 1999இலும் அவரே வென்றார். 2025இல் அவர் நாட்டின் குடியரசுத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் உழைப்பும் அவர் கட்சியின் உழைப்பும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1998இல் கோவையில் அந்தக் கட்சிக்கு வாசல் திறந்துவிட்டவர்கள் அதன் தொண்டர்கள் மட்டும்தானா?

கோவை தூரத்து ஊர் என்று நினைக்காதே. நம் பத்மநாபபுரத்துக்கு வா.

ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகர். இன்று அரண்மனை கேரள அரசின் கையில், ஊர் தமிழ்நாட்டின் கையில். தக்கலையையும் சேர்த்து ஒரே நகராட்சி. தக்கலை என்றால் வெளியூர்க்காரர் பீர் முகம்மது அப்பாவைத்தான் சொல்வார்கள். தர்கா விஷயத்தில் நமக்குள் உள்ள கருத்து வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும். எல்லா மதத்தவரும் மரியாதையோடு உச்சரிக்கும் ஒரு முஸ்லிம் பெயர் இந்த மண்ணில் நூற்றாண்டுகளாக இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு நான்கு பேர். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கிறார்கள். நான்கு பேரை வைத்துக்கொண்டு எவனும் எம்.எல்.ஏ. ஆக முடியாது. ஆனாலும் இதே பத்மநாபபுரம் தொகுதி 1980இல் ஜனதா கட்சியின் முகம்மது இஸ்மாயிலைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1989இல் மார்க்சிஸ்ட் கட்சியின் நூர் முகம்மதை அனுப்பியது. யார் ஓட்டில்? நம் ஓட்டில் மட்டுமா? நாடார் வீட்டு ஓட்டு, நாயர் வீட்டு ஓட்டு, பிள்ளைமார் ஓட்டு, மீனவர் ஓட்டு, தாழ்த்தப்பட்ட சகோதரர் ஓட்டு எல்லாம் சேர்ந்துதான் அந்த இரண்டு பெயர்களையும் கோட்டைக்குக் கொண்டு போனது. 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்தில் இந்த மாவட்டமே பற்றி எரிந்த ஏழாவது ஆண்டில் ஒரு நூர் முகம்மது இங்கே ஜெயித்தார் என்பதை நினைத்துப் பார்! அவர்கள் கட்சிக்கொள்கை நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு பேச்சு.

1996இல் இதே தொகுதிதான் தமிழ்நாட்டின் முதல் பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுத்தது. வேலாயுதன் வென்றார். அந்தத் தேர்தலில் வாக்குகள் பல முனைகளில் சிதறின. பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு நாடு முழுதும் காற்று மாறியிருந்தது. உள்ளூர்க் காரணங்களும் இருந்தன. நான் எல்லாவற்றையும் ஒரே கத்தியின் மேல் போடவில்லை. ஆனால் ஏழே ஆண்டில் ஒரு தொகுதியின் மனம் எவ்வளவு தூரம் போக முடியும் என்று நீயே பார்த்துக்கொள். நான்கு சதவீதக்காரனுக்கு அண்டை வீட்டாரின் நம்பிக்கைதான் தொகுதி. அது போனால் நமக்குத் தொகுதி கிடையாது, எந்தக் கட்சியும் நமக்குச் சீட்டும் தராது. "உங்கள் ஆளை நிறுத்தினால் மற்ற ஓட்டு விழாது" என்று மாவட்டச் செயலாளர்கள் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம் எத்தனை தகுதியான பிள்ளைகளைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறது, தெரியுமா?

அந்த நம்பிக்கை என்ன வேலை செய்யும் என்று நான் கண்ணால் பார்த்தேன். நம் பகுதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்யும் தம்பி, இரவு கடை அடைத்துத் திரும்பும்போது வாகனச் சோதனையில் மாட்டிக்கொண்டான். உரிமம் வீட்டில். தாடியைப் பார்த்து ஒரு காவலர் கேட்ட கேள்வி அவனைச் சுட்டது. இவனும் குரலை உயர்த்தினான். நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் நான்கைந்து பேர் போய் நின்றோம். எங்களைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்கள் முகம் இன்னும் இறுகியது. அப்போது கடை முதலாளி வந்தார். நெற்றியில் திருநீறு, எழுபதை நெருங்கும் வயது, மகன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். "இவன் என் கடைப் பையன். ஆறு வருஷமாட்டு கல்லாச் சாவி இவன் கையிலதான் இருக்கு" என்றார். பத்து நிமிஷத்தில் அபராத ரசீதோடு வெளியே வந்தோம். நானூறு பேர் திரண்டு கோஷம் போட்டிருந்தாலும் அன்று நடக்காத காரியம் அது. களியக்காவிளை போல இன்னும் இரண்டு சம்பவம் நடந்தால் அந்தப் பெரியவர் அடுத்த முறை வண்டி ஏறி வருவாரா? வர நினைத்தாலும் அவர் வீட்டார் விடுவார்களா?

பிரதிநிதித்துவம் என்றவுடன் "நம் ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் போதும்" என்று எண்ணிவிடாதே. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு. 234 இடத்தில் 13 அல்லது 14 பேர் இருக்க வேண்டும். 2021 தேர்தலில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. சரி, இருப்பவர்கள் என்ன செய்தார்கள்? குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேரும் ஆதரித்தார்கள். அந்தப் பதினோரு வாக்குகள் எதிரணிக்குப் போயிருந்தால் 114க்கு 116, மசோதா தோற்றிருக்கும். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் நம் சமுதாயத்தவர்! பெயரில் முஸ்லிம் இருந்தார். வாக்கில் கட்சிக் கொறடா இருந்தார். ஆகவே, ஆளை அனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை. அனுப்பியவரை ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் உட்கார வைத்துக் கணக்குக் கேட்கும் தைரியமும் வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. கருப்பின மக்கள் இங்கிலாந்தில் இதே நெருப்பின் வழியாகத்தான் நடந்தார்கள். 1985 அக்டோபர் 5 அன்று லண்டன் டாட்டன்ஹாம் பகுதியில் ஒரு கருப்பின இளைஞரின் வீட்டைக் காவலர்கள் சோதனையிட்டபோது அவருடைய தாய் சிந்தியா ஜாரெட் சரிந்து விழுந்து இறந்தார். மறுநாள் பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்பில் கலவரம் மூண்டது. கீத் பிளேக்லாக் என்ற காவலரைக் கும்பல் சூழ்ந்து வெட்டிக் கொன்றது. பிறகு என்ன? மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. காவல்துறையின் விசாரணைக் குறிப்புகள் திருத்தப்பட்டவை என்று அம்பலமாகி, 1991இல் மூவரின் தண்டனையும் ரத்தானது. உண்மைக் கொலைகாரர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை. கொல்லப்பட்ட காவலருக்கும் நீதி இல்லை, அநியாயமாகச் சிறை போனவர்களுக்கும் இழந்த ஆண்டுகள் இல்லை. கும்பல் கொலையும் அவசர விசாரணையும் கைகோத்தால் விளைவது இதுதான்.

அன்று அந்தப் பகுதியின் நகர மன்றத் தலைவராக இருந்தவர் பெர்னி கிராண்ட். கயானாவில் பிறந்த கருப்பினத்தவர். காவல்துறைக்கு நல்ல அடி விழுந்தது என்ற பொருள்பட அவர் பேசியது நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. அது இளைஞர்களின் எண்ணத்தைச் சொன்னதுதான் என்று அவர் விளக்கினார். வன்முறையைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் சொன்னார். என்ன சொல்லி என்ன? கடைசிவரை அந்தப் பேச்சு அவரை விடவில்லை. சமுதாயத்தின் பெயரால் பேசுகிறவர் ஒரு காவலரின் சடலத்துக்கு முன்னால் எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அதே மனிதர் 1987 தேர்தலில் அதே டாட்டன்ஹாமில் நின்று வென்று, நாடாளுமன்றத்துக்குள் போன முதல் கருப்பின உறுப்பினர்களில் ஒருவராக, காவல்துறையின் நிறவெறியைப் பற்றி உள்ளே இருந்து பேசினார். 2000இல் இறக்கும்வரை பேசினார். அவருக்குப் பின் அத்தொகுதியில் வந்த டேவிட் லாமி, அவரும் கருப்பினத்தவர், 2025 செப்டம்பரில் அந்நாட்டின் நீதித்துறை அமைச்சரானார். கலவரத்தில் பறந்த கற்களா அவரை அங்கே உட்கார வைத்தன?

இங்கிலாந்து எதற்கு? நம் தாத்தாமார் என்ன செய்தார்கள்? இந்த மண்ணைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடியபோது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். நேசமணியோடு தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானவர்களில் அப்துல் ரசாக் என்ற நம் பெரியவரும் உண்டு. பட்டம் தாணுப்பிள்ளை அரசின் குண்டுகளுக்கு அவர்கள் சொன்ன பதில் இருட்டில் ஒரு காவலனைக் குத்துவது அல்ல. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெயித்துப் போயிருந்த 12 சட்டமன்ற உறுப்பினர்கள் அவர்களுக்கு இருந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று காரியம் முடிந்தது.

சாத்தான்குளம், 2020 ஜூன். களியக்காவிளைக்குப் பிறகு ஐந்தே மாதம். செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு இறந்தார்கள். வணிகர்களே, அன்று நீங்களும் கடையடைத்தீர்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. ஆய்வாளர் உட்படக் காவலர்கள் கைதாகிச் சிறை சென்றார்கள். இதை நகர்த்திய சாட்சி யார்? அதே நிலையத்தில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்! உள்ளே ஒரு மனசாட்சி காக்கி உடுத்தி இருந்ததால் வெளியே நீதிக்கு வழி பிறந்தது. இதை நன்றாக மனதில் வை.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. தமிழ்நாடு 2013இல் போட்ட சட்டம் அந்தத் தலைமையை உள்துறைச் செயலாளரிடம் கொடுத்தது. ஆட்டைக் காக்க ஓநாயின் அண்ணனைப் போட்டது போல! ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதை மாற்றுவாயா என்று கேள். பள்ளிவாசலுக்கு வர்ணம் அடிக்கப் பணம் கேட்காதே.

வண்டியை மறித்தால் நிறுத்து. ஆவணம் காட்டு. அபராதம் என்றால் கட்டு, ரசீது வாங்கு. அவமதித்துப் பேசினால் சட்டையில் உள்ள பெயரைப் பார்த்து மனதில் எழுது. நேரத்தையும் இடத்தையும் எழுது. மறுநாள் எழுத்தில் புகார் கொடு. கைது என்றால் கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவற்றில் முதல் இரண்டையும் 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. பத்மநாபபுரத்தில் நீதிமன்றம் இருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் கருப்புக் கோட்டோடு அங்கே நிற்கிறார்கள். வணிகப் பெருமக்களே, அவர்களுக்கு ஒரு மேசையும் அலமாரியும் வாங்கிக் கொடுத்து ஒரு சட்ட உதவி மையம் வைப்பதற்கு நோன்புக் கஞ்சி விருந்து ஒன்றின் செலவு போதும். ரசீதில்லாமல், "சமுதாயப் பாதுகாப்பு" என்று கிசுகிசுத்துக்கொண்டு இரவில் வசூலுக்கு எவனாவது வந்தால் கல்லாவைப் பூட்டுங்கள். அவன் கேட்பது உங்கள் கடைக்கான தீக்குச்சியின் விலை.

தம்பி, உனக்கு இன்னொரு வேலை. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையில், நாட்டு மக்களில் 13 சதவீதத்துக்கு மேல் இருந்த நாம் ஐ.பி.எஸ். அதிகாரிகளில் 4 சதவீதமே என்று கண்டாய். காக்கி நம் மீது பாய்கிறது என்று புலம்புகிறோம். காக்கிக்குள் போக நம் வீட்டில் எத்தனை பேர் ஓடிப் பழகுகிறார்கள்? 2007இல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு வெளிநாட்டு விசாவுக்குச் செல்லாது. அரசு வேலைக்குச் செல்லும். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். நம் பிரிவுக்கு ஆணுக்கு 170 சென்டிமீட்டர் உயரம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. "போலீஸ் வேலையா? வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள்" என்று சொல்லும் வாப்பாமார்களிடம் நான் வந்து பேசுகிறேன், முகவரியைக் கொடு.

சாதிச் சான்றிதழை எடுத்துப் பார். "பிற்படுத்தப்பட்ட வகுப்பு (முஸ்லிம்)" என்று இருக்கிறதா, பழைய வாப்பா காலத்துச் சான்றிதழை வைத்துக்கொண்டு பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறாயா? லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், மாப்பிள்ளை, ஷேக், சையது, தக்னி, அன்சார், தூதேகுலா எல்லாம் சட்டத்தில் பெயரோடு இருக்கின்றன. திருத்த வேண்டியிருந்தால் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திராதே. கல்குளம் வட்டாட்சியர் அலுவலகம் தக்கலையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே போ.